ஒரே ஒரு பெயர் கிடைத்தது

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து காப்பி போடப் போய்விடுவேன். ஞாயிறு பூசைக்குப் போவேன், ஜெபமாலை சொல்வேன், அது வேறு விஷயம். கணினித் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான். உள்ளே என்ன போட்டோமோ அதுதான் வெளியே வரும், போடாதது வராது, இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தத்துவம். அந்தத் தத்துவத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயிலில், ஒரு கணினி என் கண்முன்னாலேயே உடைத்துப் போட்டது. நீங்கள் நம்பாமல் போகலாம், தப்பில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது இங்கே எம்ஆர்டி ரயில் ஓட ஆரம்பிக்கவில்லை. நான் வேலை பார்த்தது ஒரு சின்னக் கம்பெனி, மற்றவர்களுடைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி அலசி அறிக்கை போட்டுக் கொடுப்போம். எங்களிடம் இரண்டு கணினிகள். பதிவேடுகள் எல்லாம் தஞ்சோங் பகார் அலுவலகத்தில் ஒன்றில், அவற்றை அலசுகிற புள்ளிவிவரக் கணினி ஜூரோங்கில். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை மத்தியானம், ஜூரோங் கணினி டெலிபோன் லைனில் தஞ்சோங் பகார் கணினியைக் கூப்பிட்டு வேண்டியதை வாங்கிக்கொள்ளும். அப்படிக் கூப்பிட மூன்று விவரம் வேண்டும், லைன் நம்பர், பயனர் பெயர், பாஸ்வேர்ட். மூன்றும் முத்தையா அண்ணனுடைய நீலநிற நோட்டில் மட்டும்தான் ஒன்றாக இருந்தன. அவர்தான் எங்கள் மேற்பார்வையாளர், ஐம்பதை நெருங்கிய மனிதர், கறார் பேர்வழி, ஆனால் என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஜூரோங்கிற்கு ஒரு பையோடு வந்தார். சந்தனம், குங்குமம், பூ, பொரி. மறுநாள் ஆயுத பூசை. எங்கள் புள்ளிவிவரக் கணினியின் நெற்றியில், அதற்கு நெற்றி எது என்று அவருக்குத்தான் தெரியும், சந்தனம் வைத்துப் பொட்டு வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்னண்ணே, மெஷினுக்குப் பொண்ணு பாக்க வர்றாங்களா?”

“சிரி தாயி, சிரி. தஞ்சோங் பகார்லயும் வெச்சிட்டுத்தான் வர்றேன். வருஷம் பூரா நமக்கு உழைக்குதுல்ல, ஒரு நாள் அதுவும் கண்ண மூடட்டும்லா.”

நீல நோட்டையும் அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். பூசையில் வைக்கப் போகிறாராம். தச்சன் உளியை வைப்பான், டாக்சி ஓட்டுகிறவர் காரை நிறுத்துவார், இவருக்கு ஆயுதம் அந்த நோட்டு. பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில்தான் கையில் எடுப்பார்கள். நான் அதற்கும் கிண்டல் செய்தேன், பாஸ்வேர்டுக்கே ஒரு நாள் லீவா என்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் வீடு புக்கிட் பாஞ்சாங்கில், இன்னும் அடுக்குமாடிக்கு மாறாத கம்பத்து வீடு, பழைய கிராமத்துப் பலகை வீடு. அந்த வீட்டில் டெலிபோன் கிடையாது.

மறுநாள் காலை என் தங்கை ரீட்டாவுக்குப் பிரசவம். ஆண் குழந்தை, சுகமாகப் பிறந்தான். அவளுக்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. தங்கை புருஷன் லாரன்ஸ் எங்கள் அத்தை மகன்தான், என்னைவிடச் சின்னவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஞாயிறு பூசை முடிந்து வந்த கோலத்திலேயே நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார், சாதாரண சோதனையில் ஓ வகை என்று காட்டுகிறது, ஆனால் இருக்கிற எந்த ஓ ரத்தமும் ஒத்துப்போகவில்லை, இது பாம்பே வகை, லட்சத்தில் ஒருவருக்கு இருந்தால் பெரிது, அதே வகை ரத்தம் மட்டும்தான் இவருக்கு ஏற்றலாம். என்னைச் சோதித்தார்கள், நான் இல்லை. லாரன்ஸும் இல்லை. ரத்த வங்கியில் ஒரு பாட்டில்கூட இல்லை.

“எவ்ளோ நேரம் இருக்கு டாக்டர்?” என்று லாரன்ஸ் கேட்டான். அவர் என் பக்கம் திரும்பி, தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேளுங்கள், சீக்கிரம் என்றார்.

அப்போதுதான் எனக்கு மின்னியது. அபூர்வ ரத்த வகைக்காரர்களின் பதிவேடு ஒன்று எங்கள் கம்பெனியிடமே இருந்தது! ஒரு தொண்டு அமைப்பு திரட்டியது, அவர்களுக்காக மாதாமாதம் நான்தான் அறிக்கை போடுவேன், எந்த வகையில் எத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். பாம்பே வகைக்கு நேராக ஏதோ ஒரு சின்ன எண் இருந்தது நினைவிருந்தது. யார், எங்கே என்பது நான் பார்த்ததில்லை. அந்த அமைப்புக்குப் போன் போட்டோம், ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. தஞ்சோங் பகார் அலுவலகச் சாவி முத்தையா அண்ணனிடம். ஜூரோங் சாவி என் கைப்பையில்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன், ஏனென்றால் என் வாழ்க்கை இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிந்தது. டாக்சி பிடித்து நேராக புக்கிட் பாஞ்சாங் போயிருந்தால் நோட்டும் கிடைத்திருக்கும், சாவியும் கிடைத்திருக்கும், முத்தையா அண்ணனும் கூடவே வந்திருப்பார். எனக்கு அது தோன்றவும் செய்தது. ஆனால் பூசையில் இருக்கிற நோட்டை எடுக்கச் சொல்லி அந்த மனிதரிடம் கெஞ்ச வேண்டுமே, அவர் ஒரு கணம் யோசித்தால்கூட நான் கத்திவிடுவேனே, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் திமிர். நோட்டு எதற்கு, அதே விவரங்கள் ஜூரோங் கணினிக்குள்ளேயே இருக்கின்றன, சனிக்கிழமைதோறும் அது கூப்பிடுகிறதே, பாஸ்வேர்ட் தெரியாமலா கூப்பிடுகிறது? அரை மணி நேரத்தில் தோண்டி எடுத்துவிடுவேன் என்று கிளம்பினேன். லாரன்ஸிடம், வார்டு போன் பக்கத்திலேயே நில் என்று சொல்லிவிட்டுப் போனேன். ரீட்டா அப்போது நினைவோடுதான் இருந்தாள். “சீக்கிரம் வா” என்றாள். அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஜூரோங் அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. கணினியைத் தட்டினேன், பச்சை எழுத்துக்கள் வந்தன. முத்தையா அண்ணன் லேசுப்பட்டவர் இல்லை. மூன்று விவரங்களையும் ஒரே கோப்பில் வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தனித்தனியாகப் பிரித்து, நூற்றுக்கணக்கான கட்டளைக் கோப்புகளுக்குள் எங்கெங்கோ ஒளித்திருந்தார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், இருபது வரி இருக்கும். அதுவாகவே ஒவ்வொரு கோப்பாகத் திறக்க வேண்டும், எண்ணைச் சுழற்று, பயனர், பாஸ்வேர்ட் என்று பொருள்படும் கட்டளை எங்கே வந்தாலும் அந்த வரியை எடுத்து ஒரு பட்டியலில் போட வேண்டும், அவ்வளவுதான். அவசரத்தில் இரண்டு இடத்தில் தப்பு விட்டேன், திருத்தினேன். ஓடவிட்டேன். பதினோரு நிமிடம் ஓடியது. அந்தப் பதினோரு நிமிடமும் நான் முழங்காலில் நின்று அருள் நிறைந்த மரியே சொன்னேன், பொட்டு வைத்த கணினிக்கு முன்னால்.

மூன்றும் கிடைத்தன! எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே மோடத்தைப் போட்டேன், அதுதான் கணினியை டெலிபோன் லைனில் பேசவைக்கிற பெட்டி. வழக்கமான கீச்சுச் சத்தம் வந்தது, அந்தப் பக்கம் எடுத்தது. பயனர் பெயர் கேட்டது, கொடுத்தேன். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். உள்ளே விட்டது. வரவேற்பு வரியில் எப்போதும் அன்றைய தேதி வரும், அன்று அந்த இடம் காலியாக இருந்தது. கவனித்தேன், ஆனால் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்கிற நிலையிலா இருந்தேன்? ரத்த வகையைக் கொடுத்துத் தேடச் சொன்னேன். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது, அதுவே வழக்கமில்லை, அந்தக் கணினி சரியான ஆமை. பதிவுகள், ஒன்று.

ஒரே ஒரு ஆண் பெயர். அந்தப் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். தமிழ்ப் பெயர்தான், நம் வேதக்காரர்கள் வைக்கிற பெயர் இல்லை. இங்கே எல்லாப் பதிவேட்டிலும் நம் ஆட்களுக்குப் பெயரோடு இன்னாருடைய மகன் என்று அப்பா பெயரும் வரும். அன்று அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. வயது இருக்க வேண்டிய இடமும் காலி. முகவரி மட்டும் சுத்தமாக இருந்தது, தேக்கா பக்கத்தில் ஒரு தெரு, ஒன்பதாவது மாடி, வீட்டு எண் பதினேழு. தாளில் அச்சடித்துக்கொண்டே வார்டுக்குப் போன் போட்டேன். லாரன்ஸ் முதல் மணியிலேயே எடுத்தான்.

“கெடச்சிட்டாருடா! எழுதிக்க. டாக்சியப் புடி, காலப் புடிச்சாவது கூட்டிட்டு வா.”

“சரிக்கா, சரிக்கா. மாதா காப்பாத்துவாங்கக்கா” என்று அழுதுகொண்டே ஓடினான்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. நம் ஆட்கள் கூடுகிற தேக்கா கடைவீதி ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், சிராங்கூன் ரோட்டில் டாக்சி நகரவில்லை. பாதியில் இறங்கிக் கூட்டத்துக்குள் ஓடியிருக்கிறான். அந்தத் தெருவில் அப்போது ஒரே ஒரு அடுக்குமாடி புளோக்தான். ஒன்பதாவது மாடிக்குப் போயிருக்கிறான். வீடுகள் பதினாறோடு முடிந்துவிட்டன. பதினாறுக்கு அப்புறம் சுவர், சுவருக்கு அந்தப்பக்கம் ஆகாயம். எண் தப்பாக இருக்கும், பெயர் சரியாகத்தானே இருக்கும் என்று பதினாறு கதவையும் தட்டியிருக்கிறான். யாருக்கும் தெரியவில்லை. எட்டாவது மாடி, பத்தாவது மாடி, பிறகு கீழேயிருந்து மேலே ஒவ்வொரு மாடியாக, அந்தப் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே. பைத்தியம் என்று நினைத்துச் சிலர் கதவைச் சாத்தினார்களாம். ஒரு சீனப் பாட்டி தண்ணீர் கொடுத்தாராம்.

நாலு மணிக்குப் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டான்.

“அக்கா, அப்படி ஒரு ஆளே இல்லக்கா. நல்லாப் பாத்துச் சொல்லுக்கா.”

அவனை லைனில் காக்க வைத்துவிட்டுத் தஞ்சோங் பகார் கணினியை மறுபடி கூப்பிட்டேன். அதே எண், ஓர் இலக்கம் மாறவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஆறு தடவை போட்டேன், ஏழு தடவை போட்டேன், வெறும் மணிதான். அப்போதுதான் கணினியை அப்படியே விட்டுவிட்டு, புக்கிட் பாஞ்சாங் போக டாக்சிக்கு ஓடினேன். பாதி வழியில் மனசு கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்கே திருப்பச் சொன்னேன். அதுவும் தப்புத்தான். அன்று நான் எடுத்த எந்த முடிவு சரி? நான் போய்ச் சேரும்போது ரீட்டாவின் முகத்தை மூடியிருந்தார்கள். ஐந்துக்குக் கால் மணி முன்னால் போய்விட்டாள் என்றார்கள். இருபத்தாறு வயது.

மறுநாள் சாயங்காலம், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அவளைக் கிடத்தியிருந்தோம். முத்தையா அண்ணன் மாலையோடு வந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, எல்லோர் முன்னாலும் அந்தத் தாளை அவர் கையில் திணித்தேன்.

“உங்க மெஷின் தப்பான பேரக் குடுத்துருச்சுண்ணே! இல்லாத வீட்டக் குடுத்துருச்சு!”

அவர் தாளைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்.

“தாயி, இது நேத்து எடுத்ததா?”

“நேத்து ரெண்டு மணிக்கு.”

“தஞ்சோங் பகார் மெஷின் நேத்து ஓடலையே தாயி. சனிக்கிழமையே பிளக்கப் புடுங்கிட்டுத்தான் பொட்டு வெச்சேன். கண்ண மூடட்டும்னு சொன்னேனே, சும்மா பேச்சுக்கு இல்ல. இன்னைக்குக் காலைல நானேதான் போயி மாட்டுனேன். சுவிட்சு மேல வெச்ச பூவு அப்படியேதான் கெடந்துச்சு.”

நான் நம்பவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் நானே தஞ்சோங் பகார் போய்ப் பார்த்தேன். யார் எப்போது கூப்பிட்டார்கள் என்று அந்தக் கணினி தானே ஒரு குறிப்பு எழுதி வைக்கும். சனிக்கிழமை மத்தியானத்துக்கு அப்புறம் திங்கட்கிழமை காலைதான். நடுவில் ஒன்றுமில்லை. முத்தையா அண்ணன் என்னைத் தேற்ற நினைத்து, ஸ்கிரிப்ட் ஏதாவது பழைய பரிசோதனைக் கோப்பிலிருந்து எடுத்திருக்கும் தாயி என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஜூரோங்கில் ஒவ்வொரு கோப்பாகத் தேடினோம். அந்தப் பெயர் எங்கேயும் இல்லை. அவர் தாளில் விரலை வைத்து, இந்தக் கட்டம் போடுறது, இந்த இடைவெளி, எல்லாம் நம்ம பதிவேடுதான், வேற எதுவும் இப்படி அச்சடிக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் அவரே அதைக் கிழித்துப் போட்டார். நான் தடுக்கவில்லை. அதனால் உங்களிடம் காட்ட என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

உண்மையான பதிவேட்டையும் அன்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பாம்பே வகையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஊரில் இல்லை. இன்னொருவர் ஜூரோங்கில், நான் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதிய கட்டடத்திலிருந்து பத்து நிமிட நடை, கப்பல் பட்டறையில் வெல்டர். அவரைப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருந்தாராம், மத்தியானம் தூங்கினாராம். கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேனேம்மா என்று அவர் அழுதார். நான் அழவில்லை, எனக்கு வரவில்லை.

கணினி பதிலே சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டு மணிக்கே நான் புக்கிட் பாஞ்சாங் ஓடியிருப்பேன். நோட்டு, சாவி, தஞ்சோங் பகார், வெல்டர், நேரம் இருந்திருக்கும், எத்தனையோ ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அது பதில் சொன்னது. அதனால்தான் என் தங்கை செத்தாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லியிருக்கிறேன். சாமியார் உன் தப்பு இல்லை என்றார். அவர் வேறு என்ன சொல்வார்?

ஒரு மாதம் கழித்துக் குழந்தைக்கு ஞானஸ்நானம். நான்தான் கையில் வைத்திருந்தேன். சாமியார் பெயர் கேட்டார். லாரன்ஸ் சொன்ன பெயரைக் கேட்டதும், பக்கத்தில் நின்றவர் பிடித்திருக்காவிட்டால் பிள்ளையைப் போட்டிருப்பேன். சாமியாரே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் ஒரு புனிதர் பெயரையும் கூடச் சேர்த்துச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார். வெளியே வந்து லாரன்ஸைச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

“ஏன்டா? உலகத்துல வேற பேரே இல்லையா?”

“வேற பேரு வாய்ல வரலக்கா. அன்னைக்கு மத்தியானம் பூரா கதவு கதவா இதத்தானே கூப்புட்டேன். யாரும் வரல. இவனாவது கூப்புட்டா வரட்டுமேக்கா.”

லாரன்ஸ் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை பாதி அவனிடமும் பாதி என்னிடமும் வளர்ந்தான். பதினெட்டு வயதில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போனான், அங்கேதான் ரத்தம் சோதித்தார்கள். பாம்பே வகை. அம்மா அப்பா இரண்டு பக்கமும் மறைந்தாவது இருந்தால்தான் பிள்ளைக்கு வரும், சொந்தத்தில் கட்டியதால் வந்திருக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். விளக்கம் எல்லாம் சரிதான். பதிவேட்டில் அவனே போய்ப் பெயர் கொடுத்தான், லாரன்ஸ் வீட்டு முகவரியோடு. சில வருஷம் முன்னால் ஒருநாள் அவனுக்கு அழைப்பு வந்தது, பிரசவத்தில் ஒரு பெண். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். “பொழச்சிட்டாங்க பெரியம்மா!” என்று என்னைக் கட்டிக்கொண்டான். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். இல்லை. அந்தப் பெண்மேல் எனக்குப் பொறாமை.

இத்தனை வருஷத்தில் நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தம்பி என்பேன், ராசா என்பேன். அவனும் ஏன் என்று கேட்டதில்லை.

போன வாரம் வந்திருந்தான். கல்யாணம் கட்டவில்லை, இத்தனை நாள் அப்பாவோடேயே இருந்துவிட்டான், இப்போது சொந்தமாக வீடு வாங்கப் போகிறானாம். தேக்கா பக்கத்தில் ஒரு தெருவில் புது புளோக் எழும்புகிறதாம். தெருப் பெயரைச் சொன்னான். ஒன்பதாவது மாடி கிடைத்திருக்கிறது பெரியம்மா, காத்து நல்லா வரும் என்றான். வீட்டு எண் போட்ட கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் நீட்டினான். கண்ணாடி உள்ளே இருக்கிறது ராசா, அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.